அழுத்தக் குழாய் வெல்டர் தேர்வு: நீலகிரியிலிருந்து செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளன்மார்கன் மேட்டிலிருந்து சிங்காரா மின்நிலையத்தை நோக்கிச் சரிவில் நேராக இறங்கும் குழாய்களை நீலகிரியில் பிறந்த பலரும் பார்த்திருப்பார்கள். 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா திட்டத்தின் நீர் அவற்றின் வழியே 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து விழுகிறது. பத்து மீட்டர் உயர நீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்று கணக்கிட்டால், அடிவாரத்தில் அந்தக் குழாயின் சுவர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 90 கிலோவுக்கு மேல் தாங்கி நிற்கிறது என்பது விளங்கும். அழுத்தக் குழாயில் போடும் ஒரு வெல்டிங்குக்கு ஏன் இவ்வளவு கடுமையான தேர்வு என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் அந்தச் சரிவைத்தான் காட்டுவேன்.

குன்னூரிலோ கூடலூரிலோ உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவை ஓராண்டு படித்து முடித்து, கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் ஓரிரு ஆண்டுகள் கழித்து, இனி கொதிகலன், மின்நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் பைப் வெல்டராகச் சேர வேண்டும் என்று எண்ணுபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தட்டை இரும்பில் கை பழகியவருக்குக் குழாய் புதிய தொழிலாகவே இருக்கும். ஆனாலும் என்னிடம் பயின்று தேர்வில் தவறியவர்களின் கூப்பன்களை, அதாவது தேர்வுக்காக அவர்கள் வெல்டிங் செய்த குழாய்த் துண்டுகளை, வாங்கி வெட்டிப் பார்த்தபோதெல்லாம், உலோகத்தை உருக்கும் மின்தீயான ஆர்க் எரிவதற்கு முன்பே குறை தொடங்கிவிட்டது என்பதைத்தான் கண்டேன். இரு குழாய்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் குறுகியிருக்கும், அல்லது உருகி இணைப்பை நிரப்பும் பூச்சிட்ட ராடு ஈரம் குடித்திருக்கும், அல்லது உடலை எங்கே சாய்ப்பது என்று முன்கூட்டி எண்ணியிருக்க மாட்டார்கள். ஆகவே இக்கட்டுரையில் ஆர்க் எரிவதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தத் தேர்வு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

'6ஜி பாஸ்' என்று பட்டறைகளில் சொல்வார்கள். 6ஜி என்பது குழாய் வைக்கப்படும் நிலையின் பெயர் மட்டுமே. குழாய் 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சுழற்றக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். தலைக்குமேல், செங்குத்து, கிடைமட்டம், மேற்புறம் என எல்லா நிலைகளும் ஒரே இணைப்பில் அடங்கிவிடுவதால், குழாயில் 6ஜி தேறியவர் மற்ற எல்லா நிலைகளிலும் வெல்டிங் செய்யத் தகுதி பெறுகிறார்.

எந்த விதிநூலின்படி தேர்வு நடக்கிறது என்பது வேறு கேள்வி. நம் நாட்டில் நீராவிக் கொதிகலனிலும் அதன் நீராவிக் குழாய்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிமுறைகள் பொருந்தும். பேச்சுவழக்கில் இதை ஐபிஆர் தேர்வு என்பார்கள். சான்றிதழை மாநிலக் கொதிகலன் துறை வழங்குகிறது. சுத்திகரிப்பு ஆலைகளிலும் ரசாயன ஆலைகளிலும், வளைகுடா நாடுகளின் வேலைகளில் பெரும்பாலானவற்றிலும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதிநூலில் ஒன்பதாம் பிரிவைக் கேட்பார்கள். ஐரோப்பிய நிறுவனங்கள் ஐஎஸ்ஓ 9606 என்ற தரத்தைக் கேட்கும். அதில் 6ஜியை மேல்நோக்கி வெல்டிங் செய்வதை எச்-எல்045 என்று குறிப்பார்கள்.

புதியவர்கள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவின்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி வழங்கும் பொறுப்பு அவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்தைச் சேர்ந்தது. ஒரு நிறுவனத்தில் தேறிய தாளை இன்னொரு நிறுவனத்தில் காட்டினால் உங்கள் அனுபவத்திற்கு அது சாட்சியாகும்; புதிய இடத்தில் மீண்டும் கூப்பன் போடத்தான் சொல்வார்கள். 'வாழ்நாள் முழுவதும் உலகெங்கும் செல்லும் 6ஜி சான்றிதழ்' என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்பவர்களிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அந்தப் பணத்தைக் குழாய்க்கும் ஆர்கான் வாயுவுக்கும் செலவழித்தால் கை தேறும். முறையான பயிற்சிதான் தேவை என்றால், திருச்சியில் பெல் நிறுவனத்தின் கீழ் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிகளைப் பற்றி விசாரிப்பது நல்லது.

தேர்வுக்கு அழைத்ததும் டபிள்யூபிஎஸ் எனப்படும் வெல்டிங் செயல்முறைத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உலோகத்தின் வகை, ராடு, ஃபில்லர் என்னும் நிரப்புக் கம்பி, ஆம்பியர் எல்லை, மின்துருவம், முன்சூடு, ரூட் எனப்படும் அடி அடுக்குக்கான இடைவெளி, மேல்நோக்கிப் போவதா கீழ்நோக்கி வருவதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அது ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் கண்ணால் தடவிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். தெரியாத சொல்லைத் தேர்வாளரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேல்நோக்கி என்று எழுதியிருக்க ஓர் அங்குலம் கீழ்நோக்கி இழுத்துவிட்டால், வெல்டிங் எவ்வளவு அழகாக வந்தாலும் கூப்பனை ஒதுக்கிவிடுவார்கள்.

இரண்டு அங்குலமா, ஆறு அங்குலமா

தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன கேட்பது? ஏஎஸ்எம்இ கணக்கின்படி, வெளிவிட்டம் 73 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கூப்பனில் தேறியவருக்கு 73 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள குழாய்களில்தான் தகுதி உண்டு. இரண்டு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். அதில் தேறினால் 25 மில்லிமீட்டரிலிருந்து மேலே எவ்வளவு பெரிய குழாயிலும் வேலை செய்யலாம். தடிமனைப் பொறுத்தவரை, கூப்பனில் படியும் உலோகத்தின் தடிமனைப் போல இருமடங்கு வரை தகுதி கிடைக்கும். 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, குறைந்தது மூன்று அடுக்குகளாகப் படிந்திருந்தால் தடிமனுக்கு உச்சவரம்பு இல்லை. டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங் எனப்படும் இரண்டு அங்குலக் குழாயின் சுவர் 11.07 மில்லிமீட்டர் என்பதால், அது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் வரை வழிவிடுகிறது. நிறுவனங்கள் அந்தக் குழாயை விரும்பிக் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

ரூட்டை, ஆர்கான் போர்வைக்குள் டங்ஸ்டன் முனையால் உருக்கும் டிக் முறையிலும், மீதியை ராடிலும் போட்டால், ஒவ்வொரு முறைக்கும் அதனதன் தடிமனே கணக்காகும். டிக்கில் 3 மில்லிமீட்டர் படிந்தால் டிக் தகுதி 6 மில்லிமீட்டர் வரைதான். சான்றிதழ் கையில் வந்ததும் இந்த எண்களைச் சரிபாருங்கள். டிக்கில் எத்தனை மில்லிமீட்டர் படிந்தது என்பதைப் போட்டவரைவிட வேறு யாரும் சரியாகச் சொல்ல முடியாது.

வளைவு குறைவாக இருப்பதால் ஆறு அங்குலக் குழாய் எளிதாகத் தோன்றும். இரண்டு அங்குலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வெல்டிங் டார்ச்சின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். குழாய் விரைவில் சூடேறி, உருகிய உலோகம் ஒழுகத் தொடங்கும். இருந்தாலும் பயிற்சியின் பெரும்பகுதியை இரண்டு அங்குலத்திலேயே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அதில் பழகியவர் ஆறு அங்குலத்தை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். ஆறு அங்குலத்தில் மட்டும் பழகியவர் இரண்டு அங்குலத்தைப் பார்த்ததும் தடுமாறுகிறார்.

மலையில் பயிற்சி செய்வதற்கான ஏற்பாடு

சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகளில் மலைக்காரர்களுக்கு வேண்டிய சில செய்திகள் இருப்பதில்லை. முதன்மையானது ஈரம். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் காற்றில் நீர் நின்றுகொண்டே இருக்கும். 7018 ராடு குறைந்த ஹைட்ரஜன் வகையைச் சேர்ந்தது. அதன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் ஆர்க்கில் பிரிந்து, ஹைட்ரஜனாக உலோகத்துக்குள் நுழைந்து, துளைகளையும் பின்னாளில் விரிசலையும் உண்டாக்கும். ஆகவே ராடை ஓவனில் 300 முதல் 350 பாகை செல்சியஸில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை பேக்கிங் செய்து, பிறகு 120 பாகைக்குக் குறையாமல் சூட்டிலேயே வைத்து, பத்துப் பன்னிரண்டாக எடுத்துக் கையோவனில் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்ய வேண்டும். தயாரித்தவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பமும் நேரமும் இதிலிருந்து வேறுபட்டால் அவற்றையே பின்பற்றுங்கள். சமையலறையின் விறகடுப்புக்கு மேலே ராடைக் கட்டித் தொங்கவிட்டால் காய்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தச் சூடு பூச்சின் மேற்பரப்பைத் தாண்டாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் தேர்வுக்குச் சமவெளியில் ஒரு நிறுவனத்தின் வேலைக்களத்திற்குச் சென்றபோது, பழகிய ராடாக இருக்கட்டும் என்று ஊரிலிருந்து பிரித்த பெட்டியையே எடுத்துச் சென்றேன். அங்கே ஓவன் இருந்தும் ராடை அதில் வைத்துத் தரும்படி கேட்கவில்லை. கேப் எனப்படும் மேலடுக்கு கண்ணுக்கு அழகாக வந்தது. எக்ஸ்ரே படத்தில் நிரப்பு அடுக்கு முழுவதும் கடுகு தெளித்ததுபோலத் துளைகள் இருந்தன. தவறு முழுக்க என்னுடையதே. மூன்று மாதக் கூலியும் ஒரு வாய்ப்பும் அதில் போயின.

அடுத்தது குழாயின் மீது படியும் பனி. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியின் தாழ்வான பகுதிகளில் உறைபனி விழும் காலையில் இரும்பைத் தொட்டாலே கை ஒட்டும். அப்படிப்பட்ட குழாயைத் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. காஸ் டார்ச்சால் இணைப்பின் இருபுறமும் மெதுவாகச் சூடேற்றி, கைக்கு நன்றாக வெதுவெதுப்பு வரும்வரை ஈரத்தை ஓட்டுங்கள். சூடேற்றும்போது குழாயில் முதலில் நீர் வேர்த்து, பிறகு உலரும். அந்த வேர்வை மறைந்த பிறகும் சிறிது நேரம் தொடர வேண்டும்.

டிக் வெல்டிங்கில் ஆர்கான் போர்வையைக் காற்று கலைத்துவிடும். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் காற்று தகரக் கொட்டகையின் இடுக்குகள் வழியே புகும் என்பதால், குழாயின் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிட வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. திறந்த குழாய் புகைபோக்கியைப் போலக் காற்றை இழுத்து, ரூட்டை உள்ளிருந்து கெடுக்கும். காற்றை அடைக்கும்போது புகை வெளியேறும் வழியையும் அடைத்துவிடாதீர்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு ஆர்கானில் வேலை செய்வது உயிருக்கே ஆபத்தானது. அது காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தாழ்ந்த இடத்தில் தேங்கி, மூச்சுக் காற்றை விலக்கிவிடும்.

ஆர்கான் சிலிண்டர் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மலையேறி வர வேண்டியிருப்பதால், கணக்கோடு செலவழிக்க வேண்டும். 7 கன மீட்டர் சிலிண்டரை நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் திறந்தால் பன்னிரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே வரும். இதைச் சேமிக்க எண்ணி ஓட்டத்தை 5 லிட்டருக்குக் குறைப்பவர்கள் கெட்ட ரூட்டுக்குப் பழகிப்போகிறார்கள். கசிவைச் சோப்பு நுரையால் சோதித்து அடைப்பதே உண்மையான சேமிப்பு.

குழாயைப் பொருத்துதல்

குழாயின் விளிம்பைச் சாய்த்து வெட்டும் பெவல் கோணம் பொதுவாக ஒவ்வொரு பக்கமும் 37.5 பாகை. முனையில் சாய்க்காமல் தட்டையாக விடும் ரூட் ஃபேஸ் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அரத்தால் அதைச் சுற்றிலும் ஒரே அளவாக ஆக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அரை மணி நேரம் ஆனாலும் அவசரப்படாதீர்கள். விளிம்பிலிருந்து 25 மில்லிமீட்டர் தூரத்திற்கு வெளியிலும் உள்ளேயும் துரு, பெயிண்ட், எண்ணெய் எதுவும் இல்லாமல் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். உட்புறத்தை விட்டுவிடுபவர்களே அதிகம். ரூட் உருகி நிற்கும் இடம் அதுதான்.

இடைவெளிக்கு, டிக் ஃபில்லர் 2.4 மில்லிமீட்டர் என்றால் அந்தக் கம்பியையே வளைத்து நடுவில் வைத்து அளந்துகொள்ளலாம். பலர் 3 மில்லிமீட்டர் விடுகிறார்கள். வெல்டிங் சுருங்கும்போது இடைவெளியும் சுருங்கும் என்பதால், கடைசியாக வெல்டிங் செய்யப்போகும் பக்கத்தில் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது என் வழக்கம். இரு குழாய்களின் உட்சுவரும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் படியாக ஏறியிருந்தால் அந்தப் படியின் அடியில் உருகாத கோடு ஒன்று எக்ஸ்ரே படத்தில் தெரியும்.

இணைப்பின் சுற்றளவைக் கடிகாரத்தைப் போல எண்ணிக்கொள்வார்கள்: தலைக்குமேல் பார்க்கும் அடிப்பகுதி 6 மணி, உச்சி 12 மணி. குழாய்கள் நகராமல் பிடித்துவைக்கும் சிறு டேக் வெல்டிங்கை 6 மணியிலும் 12 மணியிலும் வைக்காதீர்கள். தொடக்கமும் முடிவும் அங்கே வருகின்றன. இடையில் மூன்றோ நான்கோ டேக் போட்டு, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் கிரைண்டரின் மெல்லிய சக்கரத்தால் கத்தி முனைபோலச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். டேக்கில் விரிசலோ துளையோ தெரிந்தால் முழுவதும் அகற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

பிறகு குழாயை 45 பாகையில் பொருத்துங்கள். தேர்வுக்கூடத்தில் அது எந்த உயரத்தில் இருக்கும் என்பது நம் கையில் இல்லாததால், நெஞ்சு உயரத்திலும் முழங்கால் உயரத்திலும் மாறி மாறிப் பழக வேண்டும். ஆர்க் இல்லாமல், டார்ச்சைக் கையில் பிடித்து 6 மணியிலிருந்து 12 மணி வரை ஒரு தடவை நகர்த்திப் பாருங்கள். கேபிள் எங்கே தடுக்கிறது, முழங்கை எங்கே சாய்கிறது, கண் எந்த இடத்தில் உலோகத்தை இழக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். வலக்கையாளர்களுக்கு ஒரு பாதி எளிதாகவும் மற்றது கடினமாகவும் இருக்கும். கடினமான பாதியை முதலில், கை களைப்படைவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

ரூட்

நம் பக்கத்தில் பெரும்பாலும் ரூட் டிக் முறையில்தான் போடப்படுகிறது. கார்பன் எஃகுக்கு இஆர்70எஸ்-2 அல்லது இஆர்70எஸ்-6 கம்பி, 2.4 மில்லிமீட்டர் டங்ஸ்டன், டார்ச் எதிர்மின் துருவத்தில், ஆம்பியர் 90 முதல் 120 வரை. டங்ஸ்டனை நீளவாக்கில் தீட்ட வேண்டும்; குறுக்காகத் தீட்டினால் ஆர்க் அலையும். தோரியம் கலந்த சிவப்பு முனை என்றால் தீட்டும் தூசியைச் சுவாசிக்காதீர்கள்; முடிந்தால் லாந்தனம் கலந்த வகைக்கு மாறிவிடுங்கள்.

தொடக்கத்தை 6 மணிக்குச் சரியாக வைக்காமல், அதைத் தாண்டி மறுபாதிக்குள் 10 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கினால், இரண்டாம் பாதியைத் தொடங்கும்போது இணைப்பு அடிப்பகுதியின் நடுவில் விழாது. இரு விளிம்புகளும் உருகி நடுவில் சாவித்துளை போன்ற சிறு ஓட்டை திறக்கும்வரை காத்திருந்து, பிறகு கம்பியைக் கொடுங்கள். 6 மணியில் புவியீர்ப்பு உருகிய உலோகத்தை நம்மை நோக்கி இழுப்பதால், ரூட்டின் உட்புறம் பள்ளமாக உள்வாங்கிவிடும். 6ஜி தேர்வில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. இதைத் தவிர்க்க, கம்பியின் நுனியை இடைவெளிக்குள் சற்று மேலே தள்ளிக் குழாயின் உட்பக்கத்தில் உலோகத்தைச் சேர்க்க வேண்டும். ஆர்க்கைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும். சூட்டைக் கூட்டக் கூடாது. உள்வாங்குகிறது என்று பயந்து ஆம்பியரை ஏற்றுபவர்கள் பள்ளத்தை மேலும் ஆழமாக்குகிறார்கள். 3 மணியைக் கடந்து மேலேறும்போது நிலைமை தலைகீழாகிறது. உலோகம் உள்ளே விழப் பார்க்கும். 12 மணியை நெருங்க நெருங்க டார்ச்சைச் சாய்த்து, நடையை வேகப்படுத்துங்கள்.

கம்பி மாற்ற நிறுத்தும்போது ஆர்க்கைச் சட்டென்று இழுத்துவிடாமல், பெவல் சுவரின்மீது ஏற்றி மெல்லத் தணிக்க வேண்டும். ஆர்கான் வந்துகொண்டிருக்கும்வரை டார்ச்சை எடுக்கக் கூடாது. டங்ஸ்டன் முனை உருகிய உலோகக் குழம்பைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, முனையை மறுபடி தீட்டிக்கொண்டு தொடருங்கள். எக்ஸ்ரே படத்தில் டங்ஸ்டன் துணுக்கு வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். ரூட் முடிந்ததும் டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பார்க்கத் தேர்வாளர் அனுமதித்தால் கட்டாயம் பாருங்கள்.

துருப்பிடிக்காத எஃகு, அல்லது 9 சதவீதம் குரோமியம் கொண்ட பி91 குழாய் என்றால் உட்புறத்தையும் ஆர்கானால் நிரப்பியே ரூட் போட வேண்டும். அது தனிப் பாடம். கார்பன் எஃகில் தேறிய பிறகு கற்றுக்கொள்ளலாம்.

நிரப்புதலும் கேப்பும்

7018 ராடில் துருவம் மாறும். ராடு நேர்மின் முனையில் இருக்க வேண்டும். 2.5 மில்லிமீட்டருக்கு 70 முதல் 95 ஆம்பியர், 3.15 மில்லிமீட்டருக்கு 100 முதல் 135 ஆம்பியர் வரை வழக்கம். எந்திரத்தின் காட்டியை மட்டும் நம்பாமல் கழிவுத் துண்டொன்றில் எரித்துப் பாருங்கள். எஸ்டேட் பகுதிகளில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவதையும், டீசல் ஜெனரேட்டர் உயரமான இடத்தில் மெல்லிய காற்றால் முழுத் திறனைத் தராததையும் கருத்தில் கொள்ள வேண்டும். இங்கே 100 என்று பழகிய கைக்குச் சமவெளியின் 100 சூடாகத் தோன்றலாம்.

ரூட்டுக்கு மேல் போடும் முதல் அடுக்கு மெல்லிய ரூட்டை ஓட்டையாக்காமல் அதன் ஓரங்களை உருக்க வேண்டும். இரண்டு அங்குலக் குழாயில் ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னும் ஆறவிடுங்கள். அவசரத்தில் போடும் மூன்றாம் அடுக்கு அடியில் தொங்கிவிடும். ஆர்க்கை இணைப்புக்குள் சற்று முன்னே எரித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தொடங்கினால், தொடக்கத்தில் விழும் துளைகள் மீண்டும் உருகி மறைந்துவிடும். இணைப்புக்கு வெளியே குழாயின் உடம்பில் ஆர்க் பட்ட வடு ஒன்றுக்காகவே கூப்பனை ஒதுக்கும் தேர்வாளர்கள் உண்டு. ராடின் பூச்சு உருகிப் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இரு வரிசைகளுக்கு நடுவில் ஆழமான பள்ளம் தெரிந்தால் கிரைண்டரால் திறந்துவிடுங்கள். அடுத்த ராடு அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பக் கூடாது.

கேப்புக்கு முந்தைய அடுக்கு குழாயின் மட்டத்திற்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும். பெவலின் விளிம்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தால்தான் கேப் நேராகப் போகும். 45 பாகைச் சாய்வில் குழம்பு எப்போதும் கீழ் விளிம்பை நோக்கி வழியும். மேல் விளிம்பில் அண்டர்கட் என்னும் அரிப்புப் பள்ளம் விழும். கேப்பை ஒரே அகலமான வரிசையாக வீசிப் போடாமல், கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பாதி மூடுமாறு மூன்று மெல்லிய வரிசைகளாக ஏற்றுவதையே நான் சொல்லிக்கொடுக்கிறேன். மேல் விளிம்பில் ராடை ஒரு கணம் நிறுத்தி நிரப்பிவிட்டு நகர வேண்டும். கேப்பைக் கிரைண்டரால் தொடக் கூடாது என்பது பல இடங்களில் விதி. தொடலாமா என்று தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எப்படிச் சோதிப்பார்கள்

முதலில் கண்ணால் பார்ப்பார்கள். அதிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவதுண்டு. அதன்பின் எக்ஸ்ரே அல்லது வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்ட். 6ஜி கூப்பனிலிருந்து நான்கு பட்டைகளை வெட்டி எடுத்து, 180 பாகை வளைத்து, நீண்டு விரியும் புறத்தில் 3 மில்லிமீட்டரைத் தாண்டிய திறப்பு இருக்கிறதா என்று அளப்பார்கள். எக்ஸ்ரே என்றால், விரிசல், உருகி ஒட்டாத இடம், ரூட் முழுமையடையாமை ஆகிய மூன்றும் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும் ஏஎஸ்எம்இ விதியில் இடமில்லை. 10 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள கூப்பனில் நீண்ட ஸ்லாக் கோடு 3 மில்லிமீட்டர் வரைதான் போகலாம். உருண்டைத் துளை தடிமனில் 20 சதவீதம், அல்லது 3 மில்லிமீட்டர், இவற்றில் சிறியதைத் தாண்டக் கூடாது.

தேர்வுக்கு முன் இச்சோதனையை நீங்களே செய்து பார்க்க முடியும். எக்ஸ்ரே கிடைக்காவிட்டாலும், பட்டைகளை வெட்டி, கேப்பையும் ரூட்டையும் மட்டமாகத் தேய்த்து, ஓரங்களை லேசாக உருட்டி, லாரிப் பட்டறைகளில் புஷ் கழற்ற வைத்திருக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வளைத்துப் பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் பட்டைக்கு வளைக்கும் உருளையின் விட்டம் 38 மில்லிமீட்டர். தேய்த்த கோடுகள் பட்டையின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்குக் கோட்டிலிருந்து கிழிசல் தொடங்கும். என் மாணவர்கள் தொடர்ந்து ஐந்து கூப்பன்களில் இருபது பட்டைகளும் திறக்காமல் வளையும்வரை நான் அவர்களைத் தேர்வுக்கு அனுப்புவதில்லை. குழாய் விலை அதிகம் என்று இதை வீண்செலவாக எண்ணுபவர்களிடம், தேர்வுக்குப் போய்வரும் பேருந்துச் செலவையும் இழக்கும் நாட்கூலியையும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

தவறினால் என்ன செய்வது

பெண்ட் டெஸ்டில் தவறினால் உடனடியாக மறுதேர்வு எழுதலாம். அப்போது தொடர்ச்சியாக இரண்டு கூப்பன்கள் போட்டு இரண்டிலும் தேற வேண்டும். மேலும் பயிற்சி பெற்று வந்தால் ஒரு கூப்பன் போதும். உடனடி மறுதேர்வை ஏற்க வேண்டாம் என்பது என் அறிவுரை. தவறிய அன்றைக்குக் கையும் மனமும் களைத்திருக்கும். குறையின் காரணமும் தெரிந்திருக்காது. திறந்த பட்டையையோ எக்ஸ்ரே படத்தையோ காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். குறை எத்தனை மணி நிலையில், எந்த அடுக்கில் என்று எழுதிக்கொள்ளுங்கள். 6 மணியில் ரூட் பள்ளம் என்றால், ஊர் திரும்பி அந்த ஒரு பகுதியை மட்டும், முழுக் குழாயை முடிக்காமலே, முப்பது தடவை போட்டுப் பழகலாம்.

தேறிய பிறகும் ஒரு கடமை உண்டு. ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்யாமல் இருந்தால் ஏஎஸ்எம்இயின்படி அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். வேலை முடிந்து ஊருக்கு வந்து தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்கள் இதில் சேரும். ஐபிஆர் சான்றிதழில் செல்லுபடியாகும் காலம் குறிக்கப்பட்டிருக்கும். புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றில் தேதி, குழாய் விட்டம், தடிமன், முறை, ராடு ஆகியவற்றை எழுதி, அன்றன்று மாலையே மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கையெழுத்துக்காக அலைவது பெரும்பாடு. அசல் சான்றிதழ்களை வேலைக்களத்து அறையில் விட்டுவிடாமல் வீட்டில் வையுங்கள். மலைக் காற்றில் காகிதம் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.